முகில்களுக்கு எல்லை போடுகிறவன்

இப்போது என் வேலை முகில்களுக்கு எல்லை போடுவது. கலியாண வீடுகளில் யாராவது "அண்ணை, இப்ப என்ன செய்யிறியள்?" என்று கேட்டால், நூலகத்தில் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வேன். கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டுவார். மிச்சத்தையும் சொன்னால் அந்தத் தலை வேறு மாதிரி ஆடும்.

விசயம் இதுதான். ஒஸ்லோவில் ஒரு நூலகத்தின் நிலவறையில் சில பெட்டிகள் நிறைய ஜப்பானியப் புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாம் இருநூறு வருடப் பழசு. எந்தப் புண்ணியவானோ கப்பலில் கொண்டுவந்து, ஒரு வரியும் வாசிக்கத் தெரியாமல் வைத்திருந்து, கடைசியில் தானம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பார்க்கவேண்டிய இடங்களைப் பற்றிய வழிகாட்டிகள் அவை. ஜப்பானியர் அவற்றை மெய்ஷோ ஸூயே என்பார்களாம். புகழ்பெற்ற இடங்களின் படத்தொகுதி என்று சொல்லலாம். கோயில், பாலம், நீர்வீழ்ச்சி, பூ பூக்கிற குன்று, தேநீர்க் கடை. மரக்கட்டையில் செதுக்கி, மெல்லிய தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடித்து, தாளை இரண்டாக மடித்து, மடிப்பு வெளியே நிற்கும்படி தைத்திருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு தாளும் ஒரு சின்னப் பை. அந்தப் பைக்குள் வெள்ளைத் தாள் ஒன்றைச் செருகி, பின்பக்கத்து மை தெரியாமல் படம் பிடிக்கவேண்டும். முதல் நாலு மாதம் அதைத்தான் செய்தேன். மீன் தொழிற்சாலையில் பத்து வருடம் மீனுக்குள் கத்தி செருகியவனுக்கு இது பதவி உயர்வு. நடுவில் பஸ் ஓட்டினேன், முதுகு போனது, முதுகு போனவர்களுக்கு இந்த நாட்டில் மெல்லிய தாள்கள் கொடுக்கப்படுகின்றன.

பல புத்தகங்களில் புழு ஓட்டை போட்டிருந்தது. ஒரு புழு முதல் பக்கத்தில் கோயில் வாசலில் புறப்பட்டு, நாற்பதாம் பக்கத்தில் ஒரு பாலத்தைத் தாண்டி, அட்டை வழியாக வெளியேறியிருந்தது. அந்தப் புத்தகத்தை முழுதாகப் பயணம் செய்த ஒரே சீவன் அதுவாகத்தான் இருக்கும் என்று அப்போது பகிடியாக நினைத்தேன். அது பகிடி இல்லை என்பதைப் பிறகு சொன்னது என் மேலதிகாரி.

மேலதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆராய்ச்சிக்காரி. என்னைவிட இருபது வயது இளையவள். அவள் என்னை சார் என்பாள், நான் தங்கச்சி என்பேன். நிலவறைக்குள் வருகிற நோர்வேக்காரருக்கு யாருக்கு யார் சம்பளம் எழுதுகிறார்கள் என்று கடைசிவரை விளங்கவில்லை. நான் கதைப்பது மலையாளமா என்று அவள் முதல் நாள் கேட்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

படங்களைக் கம்ப்யூட்டருக்கு வாசிக்கப் பழக்குவது அவளுடைய ஆராய்ச்சி. எது மலை, எது கூரை, எது கடல் என்று அது தானாகச் சொல்லவேண்டும். எல்லாம் சொல்லிற்று, முகிலைத் தவிர. அந்தப் படங்கள் பருந்து பார்ப்பதுபோல மேலேயிருந்து வரையப்பட்டவை. ஊருக்குக் குறுக்கே, விரல்போல நுனி உருண்ட வெள்ளைப் பட்டைகள் நீளநீளமாகக் கிடக்கும். பாதித் தெரு அதற்குள் மறைந்து, அந்தப் பக்கம் வேறு தெருவாக வெளியே வரும். கம்ப்யூட்டர் அதை ஆறு என்றது, பனி என்றது, ஒருமுறை சாலை என்றது. ஆகவே ஒரு மனிதன் இருந்து, ஒவ்வொரு முகிலையும் சுற்றி மவுசால் கோடு போட்டு, இது முகில், இது முகில் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. முதுகு போனவன் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை.

ஒரு நாள் மதியம், நான் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து பழுப்புச் சீஸ் வைத்த பாண் துண்டையும் அவள் தயிர்ச் சோற்றையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, முகிலுக்குக் கீழே என்ன இருக்கும் என்று கேட்டேன்.

"அதுதான் சார் மேட்டர்," என்றாள். "மேகத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு கம்ப்யூட்டருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. சில சமயம் வரைஞ்சவனுக்கே தெரியாது."

பிறகு விளக்கமாகச் சொன்னாள். எழுதியவர்களில் நடந்து போய்ப் பார்த்து எழுதியவர்கள் உண்டு. பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதியவர்களும் உண்டு. ஓவியன் சில இடங்களுக்குப் போகாமலே, வேறு யாரோ கிறுக்கிக் கொடுத்ததை வைத்து வரைவான். இடம் போதாத இடத்தில் ஒரு மேகம், தெரியாத இடத்தில் ஒரு மேகம், காட்ட விரும்பாத இடத்திலும் ஒரு மேகம். வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கேயும் போகாதவர்கள். வீட்டில் படுத்தபடி பக்கம் பக்கமாக ஊர் சுற்றிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கியவர்கள்.

அவள் அதை அழகான விசயமாகத்தான் சொன்னாள். நான் பாண் துண்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். ஏனென்றால் அப்படியொரு புத்தகத்தை நானும் எழுதியவன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் நான் பாட்ஸ்பியோர்ட்டுக்குப் போனேன். நோர்வேயின் வடக்கு நுனி. அதற்கு அங்கால் கடல்தான், அதற்கும் அங்கால் ஐஸ்தான். மீனைத் துண்டுபோடும் தொழிற்சாலைகளில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் நின்றார்கள். எனக்கு ஊரில் ஒரு பெண்ணைப் பேசி முடித்தார்கள். நானும் கடிதம் எழுதத் தொடங்கினேன். என்ன எழுதுவது? காலை ஆறு மணிக்கு றப்பர் சப்பாத்து, இரண்டு மணிக்கு உப்புத் தண்ணி, இரவு முழுக்க நகத்தில் மீன் மணம். இதை எழுதினால் எந்தப் பெண் விமானம் ஏறுவாள்? தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் ஒஸ்லோவைப் பற்றிய உல்லாசப் பயணக் கையேடு ஒன்று கிடந்தது. அதை எடுத்து மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஒஸ்லோவில் அதுவரை நான் கழித்தது ஒரே ஒரு இரவு, அதுவும் ரயில் நிலைய வாங்கில் படுத்து. ஆனால் கடிதங்களில் நான் ஒஸ்லோவை விட்டு அசையவேயில்லை. நேற்று மாலை கல் மனிதர்கள் நிற்கிற பூங்காவில் நடந்தனான் என்று எழுதினேன். அரச மாளிகைக்கு முன்னால் காவலாளி மாறுவதைப் பார்த்தேன் என்றும், பனியில் சறுக்குகிறவர்கள் பாயும் குன்றிலிருந்து பார்த்தால் முழு நகரமும் கடலும் தெரியும் என்றும் எழுதினேன். தெரியாத இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை போட்டேன்: "அன்று மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை." கடித உறையில் பாட்ஸ்பியோர்ட் முத்திரை இருந்தது. தபாலை அங்கே பிரித்துத்தான் அனுப்புவார்கள் என்று ஒரு கடிதத்தில் விளக்கம் வேறு கொடுத்திருந்தேன். நாட்டின் அந்தக் கரையிலிருந்து தபாலைப் பிரிக்கிற நாடு எது என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் அப்போது கேட்கவேண்டிய கேள்விகள் வேறு நிறைய இருந்தன.

அவள் கார்த்திகை மாதக் கடைசியில் வந்து இறங்கினாள். சூரியன் அந்த வருடத்துக்கு மூட்டை கட்டிப் போய் ஒரு கிழமை ஆகியிருந்தது. சின்ன விமானத்திலிருந்து, ஊரிலே யாரோ தைத்துக்கொடுத்த மெல்லிய கோட்டோடு இறங்கி, காற்றில் சேலையைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். பூங்கா எங்கே என்று கேட்கவில்லை. எப்ப விடியும் என்றுதான் கேட்டாள். தைப்பொங்கல் முடிந்து ஒரு கிழமையில் என்றேன்.

அந்த ஊரில் எங்கள் பொங்கல் அப்படித்தான். மீன் தொழிற்சாலைக்காரர் எல்லோரும் சேர்ந்து, பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருவிளக்கு வெளிச்சத்தில், சூரியன் இல்லாத திசையைப் பார்த்துப் பொங்குவோம். கிழக்கு எது என்பதில் வருடாவருடம் சண்டை வரும். அந்த வருடம் அவளும் பானைக்குப் பக்கத்தில் நின்றாள். "வராத ஆளுக்கு ஏன் படைக்கிறியள்?" என்று மெதுவாகக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கடிதங்களைப் பற்றி அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. அவற்றைப் பிஸ்கற் தகரம் ஒன்றில் வைத்திருந்தாள்.

அடுத்த குளிர்காலம் எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. காலத்துக்கு முந்தி வந்தது. மூன்று நாள் காற்று. அந்தக் காற்றில் விமானம் இறங்கவும் முடியாது, படகு போகவும் முடியாது. அதற்கு யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள், அது உண்மையும்தான். பிள்ளை ஒரு பகல் இருந்தது. பகல் என்பது ஒரு பேச்சுக்கு. பெயர் வைக்கவில்லை. சின்னப் பிள்ளைகளை நாங்கள் எரிப்பதில்லை என்று நான் தொழிற்சாலை மேற்பார்வையாளருக்கு விளக்கினேன். அவர் இன்னும் இரண்டு பேரோடு வந்து, இறுகிய நிலத்தை நெருப்புப் போட்டு இளக்கி, தேவாலயத்துக்கு மேலே சரிவில் குழி வெட்டித் தந்தார். இளவேனிலில் அவள் கடற்கரையிலிருந்து ஒரு கல் கொண்டுவந்து அங்கே வைத்தாள். சோற்றுப் பானை அளவு, சாம்பல் நிறம். அதில் ஒன்றும் எழுதவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒஸ்லோவுக்கு, அதன் புறநகரான வெஸ்ட்லிக்கு வந்தோம். நான் கடிதத்தில் எழுதிய இடங்களை எல்லாம் முதன்முதலாகப் போய்ப் பார்த்தேன். அவளையும் கூட்டிப்போனேன். கல் மனிதர்களின் பூங்காவில், "நீங்கள் எழுதினதைவிடச் சின்னனாயிருக்கு," என்றாள். அவ்வளவுதான். பிறகு ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், இப்போது பக்கத்து நகரமான திராமனில் இருக்கிறாள். பாட்ஸ்பியோர்ட் என்றால் அப்பா மீன் வெட்டிய ஊர் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அந்த ஊரை யாரும் கதைப்பதில்லை.

இந்த நாட்டில் கல்லறை நிரந்தரமில்லை. இருபது வருடம் வைத்திருப்பார்கள். பிறகு இன்னும் வேண்டுமா என்று கேட்டு உறவினருக்கு எழுதுவார்கள். பதில் வராவிட்டால் கல்லை எடுத்து நிலத்தை நிரவிவிடுவார்கள். அந்தக் கடிதம் எங்களுக்கும் வந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது சாப்பாட்டு மேசையில் கிடந்தது. நின்றபடியே வாசித்தேன். வேண்டும் என்று எழுத ஒரு நிமிடம் போதும். ஆனால் அவளோடு கதைக்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை. கதைப்பதற்கு வாய் வரவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று கடிதத்தை நோர்வேஜிய அகராதிக்குள் வைத்தேன். அந்த அகராதியை எங்கள் வீட்டில் யாரும் திறப்பதில்லை. நான் வாங்கியதே அலுமாரியில் நிற்பதற்கு. இரண்டாவது கடிதம் வந்தது, அதையும் வைத்தேன். மூன்றாவது மிக மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. நோர்வேக்காரர் மிக மரியாதையாக எழுதினால் அதுதான் கடைசிக் கடிதம் என்று விளங்கிக்கொள்ள வேண்டும். அதன்பின் ஒன்றும் வரவில்லை. பதினைந்து வருடம்.

போன மாசி மாதம் மகள் தொலைபேசியில் கூப்பிட்டுத் தான் பிள்ளைத்தாச்சி என்றாள், ஆவணியில் பிறக்கும் என்றாள். அவள் அழைப்பை வைத்த பிறகு என் மனைவி கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெஸ்ட்லியில் எங்கள் ஜன்னலில் தெரிவது எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள். அதைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இது வரமுதல் அதை ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வரவேணும். ஆனியிலை போவம்."

அதை என்று அவள் எதைச் சொன்னாள் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கழித்து அவள் அந்த ஊரைப் பற்றி வாய் திறந்தாள். நான் செய்தது என்னவென்றால், ஆனியில் அங்கே நுளம்பு கடிக்கும் என்றேன். விமானம் இரண்டு இடத்தில் மாறவேண்டும் என்றேன். உம்முடைய முழங்கால் அந்தச் சரிவில் ஏறாது என்றேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, ஆனி இரண்டாம் கிழமை லீவு போடுங்கோ என்றாள்.

அடுத்த நாள் நிலவறைக்குப் போய், வெளியே குப்பை கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று, அந்தத் தேவாலயத்து அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் எடுத்தார். வருடத்தைச் சொன்னேன், குடும்பப் பெயரைச் சொன்னேன், பிள்ளைக்குப் பெயர் இல்லை என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தேடிவிட்டு வந்து, அந்த இடம் பல வருடத்துக்கு முன்பே விடுவிக்கப்பட்டுவிட்டது என்றார். கல் இப்போது இல்லை. வேறு யாரையும் அங்கே வைக்கவில்லை, புல்தான் இருக்கிறது. விரும்பினால் நிலத்தின் வரைபடம் அனுப்பலாம், பழைய இலக்கம் அதில் இருக்கும் என்றார். விரும்புகிறேன் என்றேன். கடைசியில் அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலையில் மட்டும் உற்சாகம். என் முகில்கள் எல்லாம் சுத்தமாக வருகின்றன என்று தங்கச்சி பாராட்டினாள். இப்ப சிஸ்டம் தொண்ணூறு பர்சென்ட் கரெக்டா கண்டுபிடிக்குது சார் என்றாள். கண்டுபிடிக்கும், பழக்கியது யார்.

கடைசியில் ஒரு புதன்கிழமை, நேராகச் சொல்லத் துணிவில்லாதவன் செய்கிற வேலையைச் செய்தேன். படம் ஒன்றை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மலைச்சரிவில் ஒரு கோயில், கீழே கடல், குறுக்கே மூன்று முகில். ஓரத்தில் எறும்பளவில் ஆட்கள்: சுமை தூக்குகிறவன், தொப்பி காற்றில் போகப் பின்னால் ஓடுகிறவன், ஒரு சோடி. சோடியில் ஆண் வழக்கம்போலக் கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தான். அந்தப் புத்தகங்களில் எல்லாப் பக்கத்திலும் ஒருவன் கையை நீட்டிக்கொண்டு நிற்பான்.

அவள் அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பைக் குறைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். இந்த வெள்ளை என்ன என்று கேட்டாள். நான் முழுக் கதையையும் சொன்னேன். போகாத ஊரை எழுதியவர்களைப் பற்றி, தெரியாததையும் காட்ட விரும்பாததையும் முகில் போட்டு மூடியதைப் பற்றி. சுவாரசியமாகத்தான் சொன்னேன், எனக்கு அந்தத் திறமை உண்டு.

"அப்ப உங்களை மாதிரி ஆக்கள் அங்கையும் இருந்திருக்கினம்," என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினேன். பிறகு, கல் அங்கே இல்லை என்று சொன்னேன். கடிதம் வந்ததையும் நான் பதில் போடாததையும் சொன்னேன். அகராதியைச் சொல்லவில்லை, அதைச் சொல்ல வெட்கமாயிருந்தது.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"எத்தினை கடிதம் வந்தது?"

"மூண்டு."

"முதலாவதை மேசையிலை வைச்சது ஆர் எண்டு நினைக்கிறியள்? தபால்காரனோ?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"உறையிலை ஊரின்ரை பேர் இருந்தது. நான்தான் கொண்டுவந்து உங்கடை கண்ணிலை படுற மாதிரி வைச்சனான். நீங்களா வாய் திறப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். திறக்கேல்லை. சரி, இந்த மனிசன் தன்ரை பாட்டிலை பதில் போட்டிருக்கும், அதுக்கு அந்தளவாவது வரும் எண்டு நினைச்சனான்." படத்தை மேசையில் வைத்தாள். "இந்தப் பதினைஞ்சு வருசமும் கல்லு அங்கை இருக்கெண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

மன்னிப்பு என்று நான் ஏதோ தொடங்கினேன். அவள் கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டு, மகளுடைய பழைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாயிருந்திருக்கும். அன்று பொரித்த மீனை இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அதன்பின் எங்கள் வீட்டில் தேவைக்கு மட்டும் கதைத்தோம். சோறு இருக்கு. மழை பெய்யுது, குடையைக் கொண்டுபோங்கோ. ஆனியைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லீவுக்கு மட்டும் எழுதிக் கொடுத்திருந்தேன். எங்கே சார் டூர் என்று தங்கச்சி கேட்டாள். வடக்கே என்றேன்.

சித்திரையில் வரைபடம் தபாலில் வந்தது. ஒரே ஒரு தாள். மேலேயிருந்து பார்த்தபடி சரிவு, தேவாலயம், வேலி, பாதை, சின்னச் சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம். ஒரு சதுரத்தைச் சுற்றி அந்தத் தேவாலயத்து அலுவலகப் பெண் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். வேலைப் பழக்கத்தில் நான் முகிலைத் தேடினேன். இல்லை. ஒவ்வொரு சதுரமும் அப்படியே தெரிந்தது.

தாளை மடித்தேன். என் கை தன்பாட்டில் அலுமாரிப் பக்கம் போனது. பிறகு விரித்து, முதல் கடிதம் கிடந்த அதே இடத்தில், சாப்பாட்டு மேசை நடுவில், உப்புச் சாடியைப் பாரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று முழுவதும் கடலுக்கு முகில் என்று எல்லை போட்டேன். தங்கச்சி பேசாமல் அழித்துத் திருத்தினாள்.

பின்னேரம் வந்தபோது மேசை வெறுமையாக இருந்தது. உப்புச் சாடி அதன் இடத்துக்குப் போயிருந்தது. மகளின் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் பிஸ்கற் தகரம் மூடியில்லாமல் இருந்தது. உள்ளே என் கடிதங்கள், நூலால் கட்டியபடி. வரைபடம் அவற்றுக்கு மேலே இருந்தது. ஒஸ்லோவைப் பற்றி அறுபதுக்கு மேற்பட்ட தாள்கள், பாட்ஸ்பியோர்ட்டைப் பற்றி ஒன்று.

அவள் குசினியில் தொலைபேசியைக் கையில் தூரமாகப் பிடித்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். தலையை நிமிர்த்தாமல், விமானத்தில் இரண்டு இடம் எடுத்திருக்கிறேன் என்றாள். போய்ச் சேருகிற அன்றே கடற்கரைக்குப் போகவேண்டும், கல் எடுக்க, என்றாள்.

"அங்கை இப்ப கல் வைக்க விடமாட்டினம்," என்றேன். "பதிவு இல்லாத இடத்திலை…"

"தெரியும். வைக்கிறதுக்கில்லை. கையிலை கொண்டுபோய் நிண்டிட்டுத் திருப்பிக் கொண்டுவாறதுக்கு."

நான் வாசலிலிருந்து உள்ளே வந்தேன்.

"நீங்களும் வாங்கோ," என்றாள். "ஆனால் அங்கை நிண்டு விளக்கம் சொல்லக்கூடாது."

ஓம் என்றேன். ஆனியில் காற்றுக் கூடினால் அந்தச் சின்ன விமானம் இறங்காது, அப்படியானால் பக்கத்து ஊரில் இறங்கி பஸ்ஸில்தான் போகவேண்டிவரும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, குளிர்பெட்டியிலிருந்த மீனை எடுத்து வெட்டத் தொடங்கினேன்.